நகராமல் நின்ற குரல்

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் உம் மகள் கோமு ஒரு குதிரை வண்டியில் அந்தப் பெட்டியையும் கிராமபோனையும் கொண்டுவந்து என் வீட்டு வாசலில் இறக்கினாள். “அப்பா ஒங்களுக்குன்னு சொல்லிட்டுப் போயிருக்காங்க மாமா” என்றாள். பெட்டி மூடியைத் திறந்ததும் நான் முதலில் செய்த காரியம் என்ன என்று உமக்குத் தெரியும். மேலே இருந்த இசைத்தட்டின் அட்டை உறையை எடுத்து மூக்கருகே பிடித்து மோந்து பார்த்தேன். ஊறிப்போன அட்டை வாடை, அதன் மேல் அந்துருண்டை, எல்லாவற்றுக்கும் அடியில் குற்றாலத்துச் சாரல் வருஷா வருஷம் சுவரில் விட்டுவிட்டுப் போகும் பூஞ்சை. அசல்தான். நீர் இருந்திருந்தால், “என்னத்த வே மோந்து பாக்கீரு, ஊசிப்போச்சான்னா?” என்று கேட்டிருப்பீர்.

நீர் போய் மூன்று மாதம் ஆகிறது. உம்மிடம் நேரில் சொல்லவேண்டிய ஒரு விஷயத்தைச் சொல்லாமலே எட்டு வருஷம் ஓட்டிவிட்டேன். கோமுவுக்குக் கடையத்திலிருந்து வந்த சம்பந்தம் முறிந்துபோனதே, அதில் எனக்கு ஒரு பங்கு உண்டு. பங்கு என்ன பங்கு, முழுசும் நான்தான். அதைச் சொல்லத்தான் இந்தக் கடுதாசி. எந்த விலாசத்துக்கு அனுப்புவது என்று கேட்காதீரும்.

என் சந்தேகப் புத்தி ஊரறிந்தது. அது பிறவியா, தென்காசிப் பத்திர ஆபீஸில் குமாஸ்தாவாக உட்கார்ந்த நாள் முதல் வந்ததா, தெரியாது. புதுக் காகிதத்தைத் தேயிலைத் தண்ணீரில் முக்கி வெயிலில் காயப்போட்டு, பூட்டன் காலத்துப் பத்திரம் என்று கொண்டுவருகிறவர்களை நான் மூக்காலேயே பிடித்திருக்கிறேன். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்லும் முதல் பாடம், எந்தக் காகிதத்தையும் முதல் வரியிலிருந்து படி என்பதுதான். நடுவிலே தொடங்கினால் விற்றவன் வாங்கினவனாகத் தெரிவான். இதைச் சொல்லிச் சொல்லியே பேர் வாங்கினேன்.

செங்கோட்டைத் தாலுகா திருவிதாங்கூரை விட்டு நம் பக்கம் சேர்ந்த சமயம் அது. மலையாளத்தில் எழுதிய பழைய பத்திரங்களைக் கொண்டுவந்து ஆளாளுக்கு நீட்டுவார்கள். எதை நம்புவது என்று ஆபீஸே திணறிக்கொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்து ஒரு வெள்ளைக்காரத் துரையின் பவர் பத்திரத்தோடு நீர் வந்து நின்றீர். மலைமேல் இருந்த தேயிலைத் தோட்டத்தை விற்றுவிட்டுத் துரை சீமைக்குப் போகிறார். ஐந்தருவி போகும் வழியிலிருந்த அவருடைய பங்களாவை, அது விலைபோகிற வரைக்கும் மேனேஜராக இருந்து பார்த்துக்கொள்ள உமக்கு அதிகாரம். நான் அந்தக் கையெழுத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், திருப்பிப் பார்த்தேன், மோந்தும் பார்த்தேன். “தொரை வெளிய கார்லதான் இருக்காரு. கூட்டிட்டு வாரேன், அவரையும் ஒருக்க மோந்து பாத்துக்கிடும்” என்றீர். சப்-ரிஜிஸ்ட்ராரே சிரித்துவிட்டார். அன்றைக்கு நீர் எனக்கு வைத்த பெயர்தான் வில்லங்கம். அதன் பிறகு என் சொந்தப் பெயர் உம் வாயில் வந்ததே இல்லை.

கோபப்பட்டிருக்க வேண்டும். ஏனோ அடுத்த ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிக் குற்றாலத்துக்கு வந்துவிட்டேன். சீசன் நேரம். இறங்கினதும் எண்ணெய் தேய்க்கிறவர்கள் சூழ்ந்துகொள்ள, அவர்களிடமிருந்து தப்பி, லாட்ஜ் மாடிகளில் காயும் துண்டுகளுக்குக் கீழே நனைந்துகொண்டே உம் பங்களாவுக்கு வந்து சேர்ந்தேன். நீர் பிரம்பு நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டு, “இரியும்வே, ஒரு சாமான் கேக்கலாம்” என்றீர்.

துரைசானி கல்யாணத்துக்கு முன்னால் தன் ஊர்த் தேவாலயத்தில் கோஷ்டியில் பாடியவராம். இங்கே வந்த பிறகும் ஞாயிறு மத்தியானம் தட்டுப் போட்டுக் கேட்பாராம். கப்பலுக்குக் கனம் என்று கிராமபோனையும் தட்டுகளையும் விட்டுவிட்டுப் போய்விட்டார். துரையிடம் வேலை பார்த்த பன்னிரண்டு வருஷமும் வராந்தாவில் நின்று கேட்டது உம் காதில் ஒட்டிக்கொண்டது. அதைத்தான் எனக்கும் ஒட்டப் பார்த்தீர்.

ஓர் ஆண் குரல் தனியாகக் கிளம்பியது. சரி, இவர்தான் பாடகர் என்று சாய்ந்து உட்கார்ந்தேன். அவர் நாலு அடி போகவில்லை, இன்னொருவர் அதே அடியை இன்னும் மேலே பிடித்து ஆரம்பித்தார். முதலாமவர் நிறுத்துவார் என்று பார்த்தால் அவர் பாட்டுக்கு எங்கேயோ போய்க்கொண்டிருந்தார். பிறகு மூன்றாவது ஆள், பிறகு நாலாவது. பஜனைக்கு நேரம் கழித்து வந்தவர்கள் ஆளுக்கோர் அடியில் சேர்ந்துகொண்ட மாதிரி இருந்தது. மத்தளமில்லை, பிடில் இல்லை, சுருதிப்பெட்டி இல்லை.

“பக்கவாத்தியம் வரலியா?” என்று கேட்டேன்.

“தொண்டை மட்டுந்தான் வே. பூராவும் தொண்டை.”

“இதுல மெயின் யாரு?”

“மெயின்னு யாருமில்ல. எல்லாரும் மெயின்தான்.”

அங்கேதான் எனக்கு முதல் சந்தேகம் விழுந்தது. எழுதிக் கொடுப்பவர் யார், எழுதி வாங்குபவர் யார் என்று தெரியாத பத்திரத்தை நான் கையால் தொடமாட்டேன். ஒருவன் பாட, மற்றவர் பின்னால் வருவதுதான் நான் அறிந்த பாட்டு. எல்லாரும் சேர்ந்து பாடினால் எவன் தப்பாகப் பாடினான் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஒருவன் தப்பை ஒருவன் மறைக்கத்தான் இந்த ஏற்பாடோ என்றுகூடத் தோன்றியது. இது நானூறு வருஷத்துக்கு முந்தின பாட்டு, எழுதினது ஓர் இத்தாலிக்காரர் என்றீர். “யாரு பாத்தா?” என்றேன். நீர் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவினீர்.

உம்மிடம் ஒரு பழக்கம் இருந்தது. ஒவ்வொரு குரல் நுழையும்போதும் ஒரு விரலை நீட்டுவீர். ஆள்காட்டி விரல், நடுவிரல் என்று வரிசையாக. ஐந்து குரல் இருக்கிற பாட்டென்றால் கடைசியில் கட்டைவிரலும் எழும். “நாலையும் ஒண்ணாப் புடிக்கப் பாக்காதீரும். ஒருத்தனை மட்டும் புடிச்சிக்கிட்டுப் போம். மத்தவன் தன்னால வருவான்” என்பீர். ஒரே பாறையில் ஐந்தாக விழும் ஐந்தருவியைக் கையைக் காட்டி, அதே மாதிரிதான் என்றீர். நான் ஒத்துக்கொள்ளவில்லை. குற்றாலத்துக்காரர் எதைப் பேசினாலும் அருவியில்தான் கொண்டுபோய் முடிப்பார்கள்.

எனக்குப் புரிந்தது அருவியில் இல்லை, என் வீட்டு அடுக்களையில். அந்த வாரம் என் மனைவியின் தங்கைகள் மூவரும் வந்திருந்தார்கள். நாலு பேரும் முருங்கைக்கீரை உருவிக்கொண்டே ஒரே சமயத்தில் பேசினார்கள். ஒருத்தி மாமியாரைப் பற்றி, ஒருத்தி திருவேங்கடத்தில் மழை இல்லாமல் பருத்தி காய்ந்ததைப் பற்றி, ஒருத்தி பல்வலி, என் மனைவி என்னைப் பற்றி. யாரும் யாரையும் நிறுத்தவில்லை. ஆனாலும் ஒருத்தி விட்ட வார்த்தையை இன்னொருத்தி எடுத்துக்கொண்டாள். ஒருத்தி குரலை இறக்கினால் மற்றவர்களும் இறக்கினார்கள். எதுவும் யாருக்கும் தவறிப்போகவில்லை. நான் கதவோரம் நின்று இரண்டாவது கொழுந்தியாளை மட்டும் பிடித்துக்கொண்டு போய்ப் பார்த்தேன். மற்ற மூவரும் தன்னால் வந்தார்கள். “என்ன அத்தான், கதவுல பல்லி மாதிரி ஒட்டிக்கிட்டு நிக்கீங்க?” என்று அவள் கேட்டபோதுதான் சுயநினைவு வந்தது.

இதை உம்மிடம் வந்து சொன்னபோது சிரித்த சிரிப்பில் உமக்குப் புரையேறிவிட்டது. “இத்தாலிக்காரன் கேட்டா செத்துருவான் வே. அவன் செத்து நாளாச்சு, தப்பிச்சான்” என்றீர்.

அன்றைக்குத் தட்டைத் திரும்பப் போட்டீர். நான் எல்லாருக்கும் அடியில் ஓடும் கட்டைக் குரலைப் பிடித்துக்கொண்டேன். அவன் ஒன்றும் பிரமாதமாகப் பாடவில்லை. நிதானமாக ஒரு படி, அப்புறம் ஒரு படி. ஆனால் அவன் கால் எடுத்து வைக்கும்போதெல்லாம் மேலே இருந்த மூன்று குரல்களும் வேறாகக் கேட்டன. எனக்கு மனசு இளகியது. ஏன் என்று தெரியவில்லை. தெரியாததால் அதையும் சந்தேகப்பட்டேன். வார்த்தை புரியாத பாட்டுக்கு மனசு இளகுகிறது என்றால் யாரோ என்னை ஏமாற்றுகிறார்கள் என்றுதானே அர்த்தம்?

அந்த நாளிலிருந்து வார்த்தைக்காக உம்மை அரிக்க ஆரம்பித்தேன். “வார்த்தை தெரியாமத் தலையாட்டுததும் கண்ண மூடிக்கிட்டுக் கைநாட்டு வைக்கததும் ஒண்ணுதான். என்ன சொல்லுதான்னு சொல்லும், அப்புறம் ஆட்டுதேன்.”

“எனக்கும் தெரியாது வே. லத்தீனு.”

“தெரியாமலா இத்தனை வருசமாக் கேக்கீரு?”

“கேக்கேன். சவத்த விடும். யார்ட்டயாவது விசாரிப்போம்.”

அந்தப் பேச்சு அத்தோடு போயிற்று என்று நினைத்தேன். நானாவது அதை நினைவில் வைத்திருந்திருக்கலாம்.

மூன்று நாலு வருஷம் இப்படியே போனது. கோமுவுக்கு அப்போது பத்தொன்பது வயது. கடையத்திலிருந்து ஒரு நல்ல இடம் வந்திருப்பதாகச் சொன்னீர். பையன் மின்சார இலாகாவில் வேலை. ஜாதகம் பொருந்திவிட்டது, பெண் பார்த்தாகிவிட்டது, அவர்களுக்கும் பிடித்திருக்கிறது. உம் முகத்தில் அத்தனை சந்தோஷத்தை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் வந்தபோது நீர் அருவிக்குக் குளிக்கப் போயிருந்தீர். முன்னறையில் உட்கார்ந்தேன். உம் சட்டை ஆணியில் தொங்கியது. பையிலிருந்து ஒரு காகிதம் பாதி நீட்டிக்கொண்டிருந்தது. நீட்டிக்கொண்டிருக்கும் காகிதத்தைப் படிக்காமல் இருக்க என்னால் முடியாது. அது உமக்கும் தெரியும். எழுந்துபோய்ப் பார்த்தேன். மேல் பாதி பைக்குள் இருந்தது. வெளியே தெரிந்த கீழ்ப் பாதியில் உம் கையெழுத்தே இல்லை. சாய்வில்லாமல் நிறுத்தி எழுதிய வேறு கை. ஆண்டவரே, எங்கள்மேல் இரக்கமாயிரும். எங்களுக்குச் சமாதானம் தாரும். கடைசியில், “மீதியை அடுத்த வாரம் எழுதித் தருகிறேன்” என்று ஒரு வரி. அதற்கும் கீழே சின்னதாக ஒரு சிலுவைக் குறி. படியில் காலடிச் சத்தம் கேட்டது. விட்டுவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தேன்.

நீர் தலையைத் துவட்டிக்கொண்டே வந்து, “எப்ப வந்தீரு?” என்றீர். நான் இப்பத்தான் என்றேன். அன்றைக்கு என்ன தட்டுப் போட்டீர் என்றுகூட எனக்கு நினைவில்லை. என் மண்டை வேறு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. அந்த மாதத்தில் இரண்டு தடவை நீர் பாளையங்கோட்டைக்குப் போய் வந்திருந்தீர். என்ன சோலி என்று கேட்டதற்கு, “சும்மா, ஒருத்தரப் பாக்க” என்று மழுப்பினீர். ஒரு பாதிரியார் ஜெபம் எழுதித் தருகிறார். மீதிப் பாடம் அடுத்த வாரம். நீர் வேதத்தில் சேர்ந்து கிறிஸ்தவராகப்போகிறீர் என்று முடிவு கட்டிவிட்டேன்.

சேர்ந்தால் சேர்ந்துகொள்ளட்டுமே, அது உம் இஷ்டம். எனக்கு வலித்தது அதுவல்ல. என்னிடம் சொல்லவில்லையே என்பதுதான் வலித்தது. வாரா வாரம் எதிரே உட்கார்ந்து வெற்றிலை மடித்துக் கொடுத்த மனுஷன் இத்தனை பெரிய காரியத்தை மறைக்கிறாரே என்று உள்ளுக்குள் குமைந்தேன். பாட்டைக் காட்டி என்னையும் மெள்ள இழுக்கத்தான் இந்த நாற்காலியோ என்றுகூட ஒரு யோசனை வந்தது. இப்போது எழுத வெட்கமாக இருக்கிறது. அப்போது அதுதான் நிஜம்.

புதன்கிழமை கடையத்துக்காரர் ஆபீஸுக்கு வந்தார். மாப்பிள்ளையின் அப்பா. குத்துக்கல்வலசையில் ஒரு புஞ்சை வாங்குவதாகவும், அதற்கு வில்லங்கம் பார்க்கவேண்டும் என்றும் சொன்னார். பார்த்துச் சொன்னேன், சுத்தமான நிலம். எழுந்தவர் மறுபடி உட்கார்ந்தார். குரலை இறக்கினார்.

“அந்த பங்களா மேனேஜர் ஒங்களுக்கு ரொம்ப வேண்டியவர்னு சொன்னாங்க. பொண்ணு எடுக்கலாம்னு இருக்கோம். குடும்பம் எப்படிங்க அண்ணாச்சி?”

நம் பக்கத்தில் ஜாதகம் பொருந்தினாலும், பெண் பிடித்தாலும், கடைசியில் மூன்றாவது மனுஷர் ஒருவரிடம் இப்படி ஒரு வார்த்தை கேட்காமல் கையை நனைக்கமாட்டார்கள். கேட்கப்படுகிறவர், “கண்ண மூடிக்கிட்டு எடுங்க” என்று சொல்லவேண்டும். அந்த ஒரு வாக்கியம் போதும். உம் குடும்பத்துக்கு நான் அதைச் சொல்லாமல் வேறு யார் சொல்வது?

நான் பேனாவை மூடினேன். மைக்கூட்டை ஓரமாக நகர்த்தினேன். “நல்ல குடும்பந்தான்” என்றேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். “பொண்ணு தங்கமான பொண்ணு” என்றேன். அதுவரைக்கும் சரி. அதற்கு மேல், “எதுக்கும் இன்னொரு எடத்துலயும் ஒரு வார்த்தை விசாரிச்சிக்கிடுங்க” என்றேன்.

பொய் ஒன்றும் சொல்லவில்லை என்று அன்றைக்கு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் நம் ஊரில் பெண் விசாரிக்க வந்தவரிடம் அந்த வாக்கியத்தைச் சொன்னால் என்ன அர்த்தம் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். வேண்டாம் என்று அர்த்தம். சிநேகிதன் வாயால் வந்தால் இரட்டிப்பு அர்த்தம். அவர் தலையை ஆட்டிக்கொண்டு எழுந்து போனார். இன்னொரு இடத்திலும் விசாரித்திருப்பார். ஞாயிற்றுக்கிழமைகளில் பங்களாவிலிருந்து மாதாகோயில் பாட்டு மாதிரி ஏதோ கேட்கிறது என்று அங்கே யாராவது சொல்லியிருப்பார்கள்.

சனிக்கிழமை ஜாதகம் திரும்பி வந்துவிட்டது. ஞாயிறு நான் வந்தபோது வழக்கம்போல் நாற்காலி போட்டிருந்தது. “கடையம் இல்லன்னு ஆயிட்டு வே. நச்சத்திரம் போதாதாம்” என்றீர். அவ்வளவுதான் சொன்னீர். “வேற நல்ல எடமா வரும்” என்றேன். சொன்ன நாக்கை அன்றைக்கே அறுத்துப் போட்டிருக்கலாம்.

தட்டைப் போட்டீர். பாதிப் பாட்டில் திடீரென்று கையை உயர்த்தினீர். “இந்த எடத்தக் கவனியும். மேல ஒருத்தன் நிக்கான் பாரும், நகரவே மாட்டேங்கான். மத்தவன்லாம் நகர்ந்துட்டான். அதான் இப்பம் கசக்கு.” நிஜமாகவே கசந்தது, பல்லில் புளி பட்டதுபோல் கூசியது. நீர் நீட்டிய விரல் அப்படியே நின்றது. “கொஞ்சம் பொறும். எறங்கிருவான்.” குரல் ஒரே ஒரு படி இறங்கியது. கூச்சம் போய், எல்லாம் ஒன்றாகச் சேர்ந்தது. நீர் விரலை மடக்கிக்கொண்டு என்னைப் பார்த்தீர். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

அதற்கப்புறம் வந்த இரண்டு இடங்களும் கடையத்துக்காரர் ஏன் விட்டார் என்று கேட்டுக்கொண்டே போய்விட்டன. நீர் கோமுவை டீச்சர் டிரெயினிங்குக்கு அனுப்பினீர். சீனாக்காரனோடு சண்டை நடந்த வருஷம் பங்களா விலைபோயிற்று. கிராமபோனை நீரே வைத்துக்கொள்ளும் என்று துரை கடிதம் எழுதினார். பெட்டி உம் வீட்டுக்குப் போனது, என் நாற்காலியும் கூடப் போனது.

நீர் வேதத்திலும் சேரவில்லை, ஒன்றிலும் சேரவில்லை. சம்பந்தம் முறிந்த வருஷம் மார்கழியிலேயே திருவாதிரைத் தேருக்கு வெற்றுடம்போடு முதல் ஆளாக வடம் பிடித்து நின்றீர். கூட்டத்தில் நின்று அதைப் பார்த்தேன். என் கணக்குத் தப்பு என்று தெரிந்த பிறகு சொல்வது இன்னும் கஷ்டமாகிவிட்டது. நினைத்தது சரியாக இருந்திருந்தால் எப்படியாவது சொல்லித் தொலைத்திருப்பேன். ஒன்றுமில்லாததற்கு உம் பிள்ளையின் கல்யாணத்தைக் கெடுத்தேன் என்று எந்த வாயால் சொல்வது? அந்த இடம் பாட்டில் வரும்போதெல்லாம் நீர் விரலை நீட்டி, “கொஞ்சம் பொறும்” என்பீர். எத்தனையோ ஞாயிறு வாய்வரைக்கும் வந்தது. தட்டு முடியும், நீர் காப்பி கொண்டுவரச் சொல்லுவீர், கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிடும்.

போன ஐப்பசியில் நீர் படுத்தபோதும் வந்தேன். பேச்சு நின்றிருந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டீர். அறை நிறைய உறவுக்காரர்கள். அன்றைக்கும் சொல்லவில்லை.

போன ஞாயிறு பெட்டியை இறக்கிய பிறகு கோமு அந்தத் தட்டையே எடுத்துப் போட்டாள். இப்போது தென்காசியில் பெண்கள் பள்ளிக்கூடத்தில் டீச்சர், தனியாகத்தான் இருக்கிறாள். எதிரே உட்கார்ந்தாள். அந்த இடம் வந்தது. மேலே ஒரு குரல் நகராமல் நின்றது. விரல் நீட்ட ஆளில்லை. என்னையறியாமல் என் விரல் நீண்டது. அதைப் பார்த்ததும் என்னால் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

“ஏட்டி கோமு, கடையம் சம்பந்தம் நின்னது என்னாலதான்” என்றேன்.

அவள் எழுந்துபோய் ஊசியைத் தூக்கி வைத்தாள். “அன்னைக்கி அவர்ட்ட என்ன சொன்னீங்க மாமா? சொன்ன வார்த்தைய அப்படியே சொல்லுங்க” என்றாள். வகுப்பில் பிள்ளையைக் கேட்கிற குரல். அப்படியே சொன்னேன். ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை.

“இவ்வளவுதானா மாமா?” என்றாள்.

தலையை ஆட்டினேன்.

“அப்பாவுக்கு அன்னைக்கே தெரியும். ஜாதகத்தத் திருப்ப வந்தவரு நடுவீட்டுல ஒக்காந்து சொல்லிட்டுத்தான் போனாரு, ஒங்க சேக்காளியே இன்னொரு எடத்துல விசாரிக்கச் சொன்னாருன்னு. நான் கதவுக்குப் பின்னாலதான் நின்னேன். மாமாகிட்ட நீ ஒண்ணும் கேக்கப்படாது, அவரே சொல்லுவாருன்னு அப்பா சொல்லிட்டாங்க. ஒவ்வொரு வாரமும் நீங்க பஸ்ஸுக்குப் போனப்புறம் கேப்பேன், மாமா சொன்னாங்களாப்பான்னு. இல்லட்டிம்பாங்க. கொஞ்ச நாள் கேட்டேன். அப்புறம் விட்டுட்டேன்.”

“ஒனக்கு ரொம்ப வருத்தமா இருந்துதாம்மா?”

“இருந்துது. ரெண்டு மூணு வருசம் ஒங்க மொகத்தப் பாக்கவே புடிக்கல. காப்பிய வச்சிட்டு உள்ள போயிருவேன், நெனவிருக்கா?”

நினைவிருந்தது. வளர்ந்த பெண், கூச்சப்படுகிறாள் என்று நினைத்திருந்தேன். எதையெல்லாமோ சந்தேகப்பட்டவன் அதைச் சந்தேகப்படவில்லை.

அவள் தட்டு உறைக்குள் கையை விட்டு மடித்த காகிதம் ஒன்றை எடுத்தாள். “இது ஒங்களுக்கு உள்ளதுதான். அப்பா இதுக்குள்ளயே வச்சிருந்தாங்க” என்று நீட்டினாள். சாய்வில்லாமல் நிறுத்தி எழுதிய கை. கீழே சின்னச் சிலுவைக் குறி. நான் மோந்து பார்க்கவில்லை. மடிப்பைப் பிரித்து முதல் வரியிலிருந்து படித்தேன். எல்லாவற்றுக்கும் மேலே உம் கோழிக்கிறுக்கலில் பென்சிலால் எழுதியிருந்தீர்: “நம்ம வில்லங்கத்துக்கு வார்த்தை வேணுமாம். முழுசும் வந்ததும் கொடுக்கணும்.” அதற்குக் கீழே பாதிரியார், பாட்டின் லத்தீனைத் தமிழ் எழுத்தில் எழுதி, கீழ்ப் பாதியில் அர்த்தமும் எழுதியிருந்தார். நீர் இரண்டு தடவை பாளையங்கோட்டைக்குப் போனது எனக்காக.

மீதி வார்த்தைகளை வாங்க மூன்றாவது தடவை நீர் போகவில்லை. அந்த வாரம்தான் ஜாதகம் திரும்பி வந்தது.

இதை எழுதும்போது உம்மேல் கோபமும் வருகிறது. ஒரு தடவை என் சட்டையைப் பிடித்து, ஏம்லே இப்படிச் செஞ்சே என்று கேட்டிருக்கலாம். உம்மை மாதிரிப் பொறுமைசாலியைச் சிநேகிதனாக வைத்துக்கொள்வது என்னை மாதிரி ஆளுக்கு ஆகாது. என் வாயாலேயே வரட்டும் என்று காத்திருந்தீர். வந்தது, மூன்று மாதம் பிந்தி வந்தது.

அன்றைக்குக் கோமு ஊசியைத் திரும்ப வைத்தாள். காகிதத்தை மடியில் விரித்துக்கொண்டு முதல்முறையாக வார்த்தையோடு கேட்டேன். அந்தக் குரல் நகராமல் நிற்கிற இடத்தில் உள்ள வார்த்தையையும் விரலால் தடவிக் கண்டுபிடித்தேன். இரக்கமாயிரும். உம் சட்டைப் பையில் அன்றைக்கு நான் படித்த முதல் வார்த்தைகளில் ஒன்று அது.

அடுத்த ஞாயிறும் வருவதாகக் கோமு சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். பெரியவர் மனசு நோகக்கூடாது என்று சொன்னாளா, நிஜமாகவே வருவாளா என்று தெரியவில்லை, சந்தேகமாகத்தான் இருக்கிறது. நாளைக்கு ஞாயிறு. பாட்டுப் பெட்டிக்கு எதிரே ஒரு நாற்காலி போட்டுத் துடைத்து வைத்திருக்கிறேன். நாளைக்கு வராவிட்டால் அடுத்த வாரமும் போட்டு வைப்பேன்.